துரை பேரில் ஒரு பாட்டு

…அப்படின்னா துரை பேரையே போடு என்று வாயிலிருந்து வந்துவிட்டதே, சொன்னது நான்தானா என்று வரலட்சுமி தன்னையே கேட்டுக்கொண்டாள், மொட்டை மாடியில் டோலக்கின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த, கொழுந்தன் முறையான பாட்டுக்கார அப்பாவுவும், தண்ணீர்த் தொட்டிமேல் செங்கலுக்கு முட்டுக்கொடுத்து செல்போனை நிறுத்திக்கொண்டிருந்த மகள் மகிழினியும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள், புருஷன் பேரைச் சொன்னதற்கா இந்தப் பார்வை, இல்லை, அந்தப் பேர் இன்னும் பாட்டில் ஏறவில்லை என்பது அவர்களுக்கும்தான் தெரியும். சாவு வீட்டுக் கானா பேர் இல்லாமல் ஒரு அடி நகராது, செத்தவர் பேர், தெரு, பார்த்த வேலை, விட்டுவிட்டுப் போன ஆட்கள், அப்புறம் கொஞ்சம் திட்டு, அதுதான் பாட்டு, அதுவும் ஒரே தடவைதான், பாடி அனுப்பிய பேரை மறுபடி கூப்பிட்டால் போகிறவர் நடுவழியில் நின்று திரும்பிப் பார்ப்பார் என்பான் அப்பாவு, எம்.கே.பி. நகரில் அவன் பாடி அனுப்பாத வீடு எது… சுடுகாட்டு வாசலோடு முடிந்துபோகிற இந்தப் பாட்டுகளைச் சேர்த்து வைக்க வேண்டும் என்றுதான் மகிழினி இன்ஸ்டாகிராமில் பக்கம் ஆரம்பித்தாள், சாவு வீட்டில் போய்ப் போனை நீட்ட முடியுமா, அதனால் பகலில், மாடியில். முதல் பாட்டுக்குச் சும்மா ஒரு பேர் வேண்டுமே என்று பாலகணேஷ் என்று போட்டுத் தொலைத்தாள், மூன்றாவது மாடியில் ஒரு பாலகணேஷ் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான் என்பது யாருக்கு ஞாபகம் வந்தது, எண்ணூரிலிருந்து அவன் மாமியார் வீடே மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கியது, அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தயிர் பாக்கெட்டோடு எதிரே வருகிறான், மாமியாருக்கு அழுகையை நிறுத்துவதா தொடர்வதா என்று புரியவில்லை… அந்த வீடியோவைப் பக்கத்திலிருந்து நீக்கியாயிற்று. நீக்குவதற்கு முன்னால் எவனோ அதன் கீழே கலீஜ் பாட்டு, அசிங்கம் என்று எழுதியிருந்தான், மகிழினி எழுதிய பதில் வரலட்சுமிக்கு மனப்பாடம். "எங்க ஆளுங்க சாவுக்கு ஊர்ல யாரும் வராத காலத்துல நாங்களே பாடி நாங்களே தூக்கினு போனோம். கேக்க இஷ்டம் இருந்தா கேளு." தான் பெற்ற பெண்ணா இப்படி எழுதினாள் என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, வயிறே நிறைந்துவிட்டது.

இனிமேல் சும்மா பேருக்குப் பாட மாட்டேன், நிஜமாகச் செத்தவர் பேர் வேண்டும், அதுவும் நான் பாடாத பேர் என்று அப்பாவு கறாராகச் சொல்லிவிட்டான், அப்படி யார் இருக்கிறார்கள்… துரை இருக்கிறார். கொரோனா வருஷம், ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்ததை ஆம்புலன்ஸ் நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனது, வீட்டு வாசல் பார்க்கவில்லை, டோலக் இல்லை, கூட வேலை பார்த்த துறைமுகத்து ஆட்கள் யாருமில்லை. பிறகு அப்பாவு வந்து, படத்தை வைத்தாவது பாடட்டுமா அண்ணி என்று கேட்டான், ஒரு முறையா, கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்றாள், ஏன் என்றால் என்ன சொல்வது, பாடிவிட்டால் அனுப்பிய மாதிரி ஆகிவிடும், பாடாதவரைக்கும் அவர் வேலைக்குப் போயிருக்கிறார். இப்போது மட்டும் எப்படி வாய் வந்தது? பக்கம் நின்றுபோகுமே என்று பெண்ணுக்காகவா? அவர் பேர் ஊருக்குக் கேட்கட்டும் என்றா? கேட்கட்டுமே, கப்பலில் சரக்குக்குக் கொக்கி மாட்டின மனுஷன், கிரேன்காரன் அவர் கையைப் பார்த்துத்தானே தூக்குவான், இறக்குவான்…

"அண்ணி, அவர கொஞ்சம் திட்டணும். இன்னா சொல்லட்டும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "பேரு சொல்லி ஒரு நாள் கூப்டதில்ல. கீழ நின்னுகினு விசில் அடிப்பாரு, கிரேன்காரன கூப்புடறா மாதிரி. பத்து வூடு எட்டிப் பாக்கும்."

அப்பாவு தலையை ஆட்டினான், டோலக் ஒரு சுற்றுப் போனது, பிறகு குரல் வந்தது.

"கொக்கி மாட்டின கையி துரையண்ணே, கப்பலக் காலி பண்ண கையி,
பொண்டாட்டிய விசில்ல கூப்ட்டியே, வரலட்சுமின்னா வாயி வலிக்குதா…"

மகிழினி போனுக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை, வரலட்சுமி முந்தானையைச் சரிசெய்து முதுகை நிமிர்த்திக்கொண்டாள், வீடியோவில் தான் விழவில்லை என்று தெரியும், இருந்தாலும் இவருடைய பொண்டாட்டி கூனிக்கொண்டா உட்காருவாள்… மாடிக்கு மாடி ஜன்னலில் ஆட்கள், எதிர் பிளாக்கில் துணி காயப்போட வந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். முடிந்ததும் போட்டுடவாம்மா என்று கேட்டாள் மகிழினி. போடு என்றாள்.

டீ வந்து ஆறுவதற்குள் போன் அடங்காமல் துடித்தது, மகிழினி ஒவ்வொன்றாகப் படித்தாள், செம்ம, வேற லெவல், கொக்கி கையிக்கு ஒரு சலாம் என்று துறைமுகத்திலேயே வேலை பார்க்கும் யாரோ, வரலட்சுமி கேட்டுக் கேட்டு மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு மகிழினி நிறுத்திவிட்டாள். இன்னாடி? விம்கோ நகரிலிருந்து ஒரு அம்மா. எங்க வீட்டுக்காரரும் அந்த வருஷம்தான், கட்டி எடுத்துட்டுப் போனாங்க, முகம் பார்க்கலை, பேரு ராசையா, அவர் பேரையும் பாடுவீங்களா… அதற்குக் கீழே கொடுங்கையூரிலிருந்து ஒரு பையன், எங்க அப்பா. அதற்குக் கீழே யாரோ, தன் அண்ணன் பேர் மட்டும். வந்துகினே கீது சித்தப்பா என்றாள் மகிழினி. நம் வீட்டில் மட்டும்தான் ஒரு பேர் பாடாமல் நின்றுபோனது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே, இத்தனை வீட்டிலா?

அப்பாவு டீயை வைத்துவிட்டு டோலக்கை மறுபடி மடிக்கு இழுத்தான். "ராசையா இன்னா வேல பாத்தாரு, கேளு."

நான் கேட்கிறேன் என்று வரலட்சுமி போனை வாங்கிக்கொண்டாள், ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாள், வேலை என்ன, எந்தத் தெரு, எதுக்கு அவரைத் திட்டுவீங்க… அனுப்பப் போன விரல் நின்றது. அந்த அம்மாவுக்குத் தெரியுமா, பாடிவிட்டால் அப்புறம் அவர் வேலைக்குப் போயிருக்க மாட்டார் என்று? அதையும் எழுத வேண்டுமா? பாடின பிறகு எப்படி இருக்குதுங்க என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது, டீ ஆறுகிற நேரம்தானே ஆகியிருக்கிறது, இன்றைக்கு இருட்டினதும் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தானே தெரியும்…