தீ மூட்டத் தடை

வில்னிஸ் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்ததுமே வெல்தா எழுந்துவிட்டாள். அடிலெய்ட் மலைச்சரிவில் வடகாற்று அனலை அள்ளி வீசியது. வெட்டவெளியில் யாரும் தீ மூட்டக்கூடாது என்று காலையிலிருந்தே வானொலி கத்திக்கொண்டிருந்தது.

விழாவுக்கு டிசம்பர்தான் வேண்டும் என்று கேட்டவளே அவள்தான். போருக்குத் தப்பி லாட்வியாவிலிருந்து கப்பலேறி வந்த பெற்றோர், சூரியன் உச்சிக்கு ஏறுவதைக் கொண்டாடும் யாணித் திருவிழாவை இங்கேயும் ஜூனிலேயே நடத்தினார்கள். இங்கே ஜூன் குளிர்காலம்; டிசம்பரில்தான் கோடை. மொட்டை ஓக் மரத்தடியில் மழையில் நடுங்கிக்கொண்டு, எப்போதோ மறைந்துவிட்ட சூரியனைப் புகழ்ந்து பாடுவார்கள். "ஏண்ணே, இந்த ஊரு சூரியன் மட்டும் சூரியன் இல்லையா?" என்று வருடக்கணக்கில் சண்டை போட்டாள். அப்பாவுக்குப் பிறகு விழாவை நடத்தும் அண்ணன் வில்னிஸ் இந்த வருடம்தான் இறங்கிவந்தான். வஞ்சம் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறான் என்பது இப்போதுதான் உறைத்தது.

"வைக்காதண்ணே. புல்லெல்லாம் சருகாக் கெடக்கு."

"தீ இல்லாம என்னடி யாணி? நீ கேட்ட டிசம்பர்தானே, அனுபவி."

"மைக் தீயணைப்பு வண்டியில காத்துக்கிட்டிருக்கான். பொறி பறந்தா மொதல்ல தீக்குள்ள போறது என் புருஷன்."

"வேத்தூர்க்காரனைக் கட்டினப்பவே நம்ம சாமிய விட்டுட்டே. இப்ப எதுக்கு நடிப்பு?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வெல்தாவுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. வில்னிஸ் குச்சியைக் கிழித்தான். விறகுக் குவியலடியில் இருந்த வைக்கோல் பற்றியது. காற்று ஒரு பொறியைத் தூக்கிப் புல்லில் போட, அவள் வெறுங்காலால் அதை மிதித்துத் தேய்த்தாள். பின் திரும்பி, விழாவுக்கென்று தானே காய்ச்சிய பீர்ப் பீப்பாயை இழுத்துவந்து அப்படியே தீயில் கவிழ்த்தாள்.

உஸ்ஸென்று புகை எழுந்தது.

"பாவி! படையல் பீரு! அப்பா இருந்திருந்தா..."

"இருந்திருந்தா தண்ணி வாளியோட நின்னிருப்பாரு. அவரு பயிர் வச்சவரு, உன்னாட்டம் பாட்டு மட்டும் படிச்சவரில்ல!"

அவன் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் திணித்தான். அவள் நகரவில்லை. பின்னாலிருந்து யாரோ மெல்ல விழாப் பாட்டை ஆரம்பிக்க, ஒவ்வொருவராய்ச் சேர்ந்துகொண்டார்கள். அண்ணனும் தங்கையும் மட்டும் வாய் திறக்கவில்லை. அவளுடைய வெந்த பாதம் விண்விண்ணென்று தெறித்தது. இருவருக்கும் நடுவே கரிக்கட்டைகளின் மேல் நுரை அடங்கிக்கொண்டிருந்தது. அதன் இனிப்புக்கு எறும்புகள் சாரிசாரியாக வந்தன. யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே சூரியன் இறங்குவதாகவே இல்லை.