யாரெமா தடுத்த ஒரே பந்து

அக்டோபர் 15, திங்கள். நேற்று எழுதியதில் ஒரு பிழை. பந்து வழுக்கிவிட்டது என்று எழுதியிருந்தேன். நேற்று நல்ல வெயில். பந்து வழுக்கவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு யாரெமா பேனா முனையைக் கடித்தான். மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கிறவன். எதையும் ஒழுங்காகச் செய்வான். செய்த பிறகு சரிதானா என்று குழம்புவான். கோல் காப்பதும் அப்படித்தான். பந்து எந்தப் பக்கம் வரும் என்று சரியாகக் கணித்துவிடுவான். கணிப்பு சரியா என்று யோசித்து முடிப்பதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும்.

அவன் ஊரான வெர்பிவ்காவின் அணியில் பழைய கோல்கீப்பர் ஆப்பிள் பறிக்கும் வேலைக்குப் போலந்து போய்விட்டான். "ஞாயித்துக்கிழமை ஒழுங்கா நின்னீன்னா இடம் உனக்கு. இல்லாட்டி நெஸ்தோரை நிறுத்திடுவேன்," என்றிருந்தான் அணித்தலைவன் ஸென்கோ. நெஸ்தோர் டிராக்டர் ஓட்டுகிறவன். சும்மா நின்றாலே பாதி கோல் மறைந்துவிடும். யாரெமாவுக்கோ பள்ளி நாளிலிருந்து இந்த இடத்தைத் தவிர வேறு ஆசையே கிடையாது.

ஆட்டம் பக்கத்து ஊரான கலினிவ்காவில். அன்று அங்கே மாதாகோவில் திருநாள். திருநாளன்று எந்த வீட்டு வாசலை மிதித்தாலும் சாப்பிடாமல் திரும்ப முடியாது. யாரெமாவின் ஸ்டெஃபா அத்தை வாழ்க்கைப்பட்டது அந்த ஊரில்தான். தலையை மட்டும் காட்டிவிட்டு ஓடிவந்துவிடுவது என்று திட்டம் போட்டுத்தான் போனான்.

"வா கண்ணு! ரெண்டே ரெண்டு சாப்பிட்டுப் போ." கோஸ் இலையில் அரிசியும் கறியும் சுருட்டி வேகவைத்த ஹோலுப்சியைத் தட்டில் குவித்தாள் அத்தை.

"ஆட்டம் இருக்கு அத்தை."

"அதுக்குத்தானே சொல்றேன்! வெறும் வயித்தோட எப்படிக் குதிப்பே? உங்கப்பனும் இப்படித்தான், கொறிச்சுக் கொறிச்சே குச்சியாப் போனான்."

தட்டு காலியானால் உடனே நிரம்பியது. மிச்சம் வைத்தால், "பிடிக்கலையா?" என்று அத்தையின் முகம் வாடியது. ஹோலுப்சிக்குப் பின் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, அதன் தலையில் புளித்த பாலேடு. பிறகு பூண்டு போட்டு உறையவைத்த கறி.

"ஓரெஸ்ட் எங்கே அத்தை?" என்றான் யாரெமா. ஓரெஸ்ட் அத்தை மகன். கலினிவ்காவுக்குக் கோல் அடிக்கிறவன்.

"கோவில்ல நாற்காலி தூக்கணும்னு விடியும்போதே போயிட்டான், பாவம். அவன் பங்கையும் நீயே சாப்பிடு."

யாரெமா ஆடுகளத்துக்கு நடந்து வரவில்லை. தன்னைத்தானே சுமந்துகொண்டு வந்தான். முதல் கோல் இடப்பக்கம் போனது. அவன் கணிப்பு சரி, வயிறுதான் ஒத்துழைக்கவில்லை. இரண்டாவதும் அதே கதை. இரண்டையும் அடித்த ஓரெஸ்ட் கோல் பக்கமாக வந்தான்.

"என்ன மாப்ள, எங்கம்மா சமையல் எப்படி?"

"டேய், வேணும்னேதான ஓடிப்போனே?"

"திருநாளும் ஆட்டமும் ஒண்ணா வந்தா எங்க ஊர்க்காரன் ஒருத்தனும் வீட்டுல இருக்க மாட்டான்டா."

வெர்பிவ்கா எப்படியோ இரண்டு கோலைத் திருப்பிப் போட்டது. ஆட்டம் முடிகிற நேரத்தில் கலினிவ்காவுக்கு ஒரு பெனால்டி. எதிரே ஓரெஸ்ட். எந்தப் பக்கமும் பாய முடியாது என்பது யாரெமாவுக்குத் தெரியும். நட்டநடுவில் அப்படியே நின்றான். எப்படியும் பாய்வான் என்று நம்பிய ஓரெஸ்ட் பந்தை நடுவில் உதைத்தான்.

பந்து வயிற்றில் வந்து மோதியது.

"தடுத்துட்டான்!" ஸென்கோ துள்ளினான்.

"பார்த்தீங்களா, எல்லாம் என் சாப்பாடு!" சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவர்களின் நடுவிலிருந்து அத்தை கூவினாள்.

பந்து காலடியில் விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்தால் போதும். யாரெமா அதைப் பார்த்தான். குனியப் பார்த்தான். மறுபடியும் பந்தையே பார்த்தான். ஓரெஸ்ட் மெதுவாக வந்து, "மன்னிச்சுக்கோ மாப்ள," என்று அதை உள்ளே தட்டிவிட்டான்.

"என்னடா ஆச்சு?" என்றான் ஸென்கோ ஆட்டம் முடிந்ததும்.

"பந்து வழுக்கிடுச்சு."

ஸென்கோ கிட்டே வந்து மோந்து பார்த்தான். "பூண்டு வாசனையோட வழுக்குற பந்தை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

யாரெமா தலையைக் குனிந்துகொண்டான். அது மட்டும் முடிந்தது.

"நீ நல்ல பையன்டா. ஆனா கோல்கீப்பரோட வேலையே 'வேண்டாம்'னு சொல்றதுதான். உனக்கு அது வரலையே. அடுத்த வாரம் நெஸ்தோர் நிக்கட்டும்."

திரும்பும் வழியில் அத்தை ஒரு பாத்திரம் நிறைய ஹோலுப்சி கொடுத்தனுப்பினாள். அங்கேயும் அவனுக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

இப்போது அந்தப் பாத்திரம் காலியாக மேசை மேல் இருந்தது. யாரெமா பேனாவை எடுத்து, 'என்னால் குனிய முடியவில்லை' என்று எழுதினான். சரிதானா என்று படித்துப் பார்த்தான். சரிதான். அதன் கீழே எழுதினான்:

நாளை கையுறைகளைத் துவைத்து, காயவைத்து, நெஸ்தோரிடம் கொடுக்க வேண்டும். அத்தையின் பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே.