நிர்வாகி பார்க்காத நேரம்

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எடுக்கும் முடிவுகளிலேயே மிகப் பொறுப்பானது, தன் சர்வரில் எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்பதுதான். ஒரு வலைதளத்தின் வாழ்வும் சாவும் அந்த ஒரு கணத்தில் நிர்ணயமாகிவிடுகின்றன. நான் அதை வால்பேப்பர் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மாமனாருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. இப்போது அந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், லென்ஸ் துடைக்கும் திரவத்தின் வாசனை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறும். நீளமான, ஒடுக்கமான கடை. இரண்டு பக்கமும் ஃபிரேம்கள், நடுநடுவே நிலைக்கண்ணாடிகள். உள்ளே நுழைந்தால் நம்மையே முப்பது பேராகப் பார்க்கலாம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கடைக்கோடியில் கண் பரிசோதனை நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை.

கல்யாணப் பேச்சு நடந்த அன்று, "கம்ப்யூட்டர்ல இவனுக்குத் தெரியாததே இல்ல" என்று என் அம்மா ஒரு வார்த்தை போட்டுவைத்திருந்தாள். நான் மறுக்கவில்லை. உண்மையில் நான் ஒரு சரக்கு அலுவலகத்தில் முகவரிச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துத் தொழிற்சாலையில் நானூறு பேருக்குக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. "அடுத்த வாரம் விட்டு மறுவாரம் செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு உங்க வெப்சைட்டைப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்று அங்கிருந்த மேலாளர் அம்மா சொல்லிவிட்டார். மாமனாரிடம் வெப்சைட் இல்லை. மாப்பிள்ளை இருந்தேன்.

"பத்து நாள் இருக்கு. முடியுமா மாப்பிள்ளை?"

"பத்து நாளா? ரெண்டு நாள் போதும் மாமா."

பக்கங்களை எழுதி, படங்களைச் சேர்த்து, இரண்டே நாளில் முடித்தது என் மனைவி. மீதி நாள்களை இயங்குதளம் எடுத்துக்கொண்டது. எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் சர்வரில் சின்னப் பங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். இருப்பதிலேயே குறைந்த நினைவகம் உள்ளது. அதில் எதை ஏற்றலாம் என்று ஒரு பட்டியலை நீட்டினார்கள்: டெபியன், உபுண்டு, சென்ட்ஓஎஸ்.

"எல்லாம் இருமல் மருந்துப் பேர் மாதிரியே இருக்கே அத்தான்" என்றான் மச்சினன். கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன்தான்.

விவரம் தெரிந்தவர்கள் இணையத்தில் சண்டை போடும் இடங்களையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. எதை ஏற்றினாலும் யாரோ ஒருவர் என்னை முட்டாள் என்பார்.

கடைசியில் விஷயம் இரண்டில் வந்து நின்றது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டும் வகை ஒன்று. வீட்டுக் கம்ப்யூட்டர் போலப் படமும் ஜன்னலுமாகத் திறக்கும் வகை இன்னொன்று. மாமனார் இதைத் தன் தொழில் முறைப்படி தீர்த்துவைத்தார். பரிசோதனை நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு, என்னை மடிக்கணினியோடு எழுத்துப் பலகைக்குக் கீழே நிற்கவைத்தார்.

"ஒண்ணு காட்டுங்க."

கறுப்பைக் காட்டினேன்.

"ரெண்டு."

நீல ஏரி, பின்னால் பனி மலை.

"மறுபடி ஒண்ணு… ம். ரெண்டு." தலையை ஒருபக்கம் சாய்த்தார். முப்பது வருடமாக ஊராரைக் கேட்ட கேள்விக்கு முதல்முறையாகத் தானே பதில் சொன்னார். "ரெண்டாவதுதான் தெளிவா இருக்கு மாப்பிள்ளை."

எனக்கும் அதுவே தெளிவாகப் பட்டது. எனக்கு ஒரு கட்டளைகூடத் தெரியாது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"சர்வருக்கு எதுக்கு அத்தான் வால்பேப்பர்? யாரு பாக்கப் போறா?"

"நிர்வாகி பார்ப்பார்."

"நிர்வாகின்னா?"

"நான்தான்."

மச்சினன் விறைப்பாக ஒரு சலாம் போட்டான்.

வலைதளம் ஏறியது. தினமும் நாலைந்து தடவை சர்வருக்குள் போய், ஏரியைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க பார்க்காதப்ப சைட் நல்லா ஓடுது."

"தற்செயல்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மாமனார் கடையைப் பாதி அடைத்திருந்தார். நான் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தேன். பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே, கண்காணிப்பதற்காகச் சர்வருக்குள் நுழைந்தேன். ஏரி மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. பதினொன்று ஐந்துக்கு ஃபோன் அடித்தது.

"சொல்லுங்கம்மா… திறக்கலையா? சுத்திக்கிட்டே இருக்கா?" மாமனாரின் கை, துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தது. பேசும் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, ஆர்டர் போயிடுமா?"

"அவங்க பக்கம் நெட் ஸ்லோவா இருக்கும் மாமா. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்." இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காக மேலும் இரண்டு ஜன்னல்களைத் திறந்தேன்.

"பாத்தது போதும், எழுந்திரிங்க" என்றாள் மனைவி. "போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"இந்த நேரத்துலயா?"

"இந்த நேரத்துலதான்."

மச்சினன் என் தோளில் கைபோட்டு, மரியாதை குறையாமல், வாசல்வரை கொண்டுவிட்டான். திரும்பிப் பார்த்தபோது மனைவி நாற்காலியில் உட்கார்ந்து 'வெளியேறு' என்பதைச் சொடுக்குவது தெரிந்தது. ஏரி போனது. அந்தச் சின்ன சர்வரின் நினைவகம் ஏரிக்கும் மலைக்குமே சரியாகிவிடும், நான் உள்ளே இருக்கும்வரை வருகிறவர்களுக்கு இடமில்லை. இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

டீயை வாங்கிக் கையில் பிடித்தபடி நடைபாதையில் நின்றேன். உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. "வந்துடுச்சா? ஆமாம்மா, அதான் எங்க கடை… படத்துல அந்த நீலச் சட்டை என் பையன்தான்… நானூறும் நாங்களே பண்ணிடலாம்மா."

அந்த மாதம் முழுக்க அவர் வந்தவர் போனவரிடமெல்லாம், "எல்லாம் எங்க மாப்பிள்ளை செலக்‌ஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போய் இப்போது ஆறு வருடம். அப்படிச் சொல்ல வேறு யாரும் வாய்க்கவில்லை.

சர்வர் ஏழு வருடம் ஓடியது. அதன் கடவுச்சொல்லை மனைவி அன்று மாலையே மாற்றிவிட்டாள். புதியது என்னவென்று என்னிடம் சொல்லவில்லை.