அவசரத்துக்கு ஒரு பெயர்

தொழிற்சாலையில் வேலை முடியும்வரை செல்போன் லாக்கரில் பூட்டியிருக்க வேண்டும். மூன்று மணிக்கு அவள் எடுத்துப் பார்த்தபோது மகளின் பள்ளியிலிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்தன.

நின்ற இடத்திலேயே கூப்பிட்டாள். குழந்தை விழுந்து மோவாயில் அடி, ரத்தம் நின்றுவிட்டது. அம்மாவும் எடுக்கவில்லை, லாரி ஓட்டப்போன அப்பாவும் எடுக்கவில்லை. படிவத்தில் மூன்றாவதாக இருந்தவர் வந்து அழைத்துப் போய்விட்டார் என்றார்கள்.

அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பெற்றோர் தவிர இன்னொருவர் பெயர் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று மகளைச் சேர்க்கப் போன அன்று பள்ளியில் சொன்னார்கள். அப்போது இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டே நாள். ஊராக இருந்தால் பக்கத்து வீட்டுப் பெயரைக் கேட்காமலே எழுதிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இங்கே கையிலிருந்த ஒரே தமிழர் போன் எண், அவள் குடியிருந்த கட்டடத்தின் நான்காம் மாடியில் தனியாக இருந்த, பல் மருத்துவமனை வரவேற்பாளருடையது. பஸ் பாஸ் எங்கே வாங்குவது என்று லிஃப்டில் விசாரித்தபோது கிடைத்தது. அதை எழுதிக் கொடுத்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒன்றரை மாதம் ஓடிவிட்டது.

பஸ்ஸிலிருந்து வரவேற்பாளரை நான்கு முறை கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த வீட்டுக்குள் அவள் ஒருநாளும் போனதில்லை.

நான்காம் மாடிக்கு ஏறிப்போய்த் தட்டியபோது கதவு பாதிதான் திறந்தது.

“மெதுவா பேசுங்க, தூங்குறா. டாக்டர்கிட்ட காட்டியாச்சு. தையல் வேண்டாமாம், பிளாஸ்திரி போதும்னாரு.”

“அக்கா…”

“அக்கான்னு கூப்பிட்டா சரியாப்போச்சா? இருபது பேர் காத்திருக்கிற இடத்துல, போன் பண்ணி உங்க பொண்ணு விழுந்துட்டாங்கறாங்க. எனக்கு ஏது பொண்ணு? மேனேஜர் என்னை ஏற இறங்கப் பாக்குறாரு. ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?”

“கேட்டா முடியாதுன்னுடுவீங்களோன்னு பயம்.”

“முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்.”

“உங்க பேரை எடுத்துடறேன்க்கா. நாளைக்கே போய் எடுத்துடறேன்.”

“எடுத்துட்டு? யாரை எழுதுவீங்க?”

உள்ளே சோபாவில் மகளின் ஒரு கால் தெரிந்தது. ஷூவைக் கழற்றி, போர்வை போர்த்தியிருந்தது.

“புதனும் வெள்ளியும் எனக்கு லீவு,” என்றார் வரவேற்பாளர், குரலில் கடுமை குறையாமலே. “அந்த ரெண்டு நாளைக்கு என் பேர் இருக்கட்டும். மத்த நாளுக்கு மூணாம் மாடித் தையல்காரரு இருக்காரு, நம்மாளுதான். நாள் பூரா மெஷினும் கையுமா வீட்டுலயேதான் கிடப்பாரு. வாங்க.”

“இப்பவேவா? பாப்பா?”

“ஒரு மாடிதானே. கதவு திறந்தே இருக்கட்டும்.”

மூன்றாம் மாடியில் வரவேற்பாளர் ஒதுங்கி நின்றுகொண்டார். “நான் வாயே திறக்க மாட்டேன். நீங்கதான் கேக்கணும்.”

அவள் தட்டினாள். தையல் மெஷின் சத்தம் நின்றது. கழுத்தில் டேப்போடு ஒருவர் கதவைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணே, உங்களுக்கு என்னைத் தெரியாது,” என்று ஆரம்பித்தாள்.