தாய்மாமன் கட்டிய கயிறு

முக்காலி மேல் ஏறி நின்ற அண்ணன் தொட்டில் ஸ்பிரிங்கைக் கொக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். "மாமனையே தாங்குது, மருமகளைத் தாங்காதா?" என்றார் என் மாமியார் ராஜம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் வந்து கட்டினால்தான் குழந்தையைத் தொட்டிலில் போடுவோம். என் அண்ணன் கந்தவேலோ தொட்டில் ஸ்பிரிங் செய்கிறவரே. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தொழில் பழகி, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டவர். சேலத்துக் கடைகளில் அவர் சரக்குத்தான் என்று இந்த ராசிபுரத்தில் நான் அடிக்காத தம்பட்டம் இல்லை. கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்தது. மடியில் குழந்தையோடு நான் மட்டும் அறையில் இருந்தேன். அப்போதுதான் அண்ணன் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். லாரியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார்களே, அந்த நைலான் கயிறு. அதை ஸ்பிரிங்கின் நடுவே விட்டு, மேலே கொக்கியிலும் கீழே தொட்டில் கம்பியிலும் முடிச்சுப் போட்டார். மிச்சத்தை அறுத்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டார்.

நான் சந்தேகப் பிராணி. என் வீட்டுக்காரர் கௌதமன் அப்படித்தான் சொல்வார். பால்காரர், கேஸ் போடுகிற பையன், பள்ளிக்கூட வேன் டிரைவர், யாரையும் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்க்காமல் நம்பமாட்டேன். மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்துத்தான் குழம்பில் போடுவேன். அப்படிப்பட்ட நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியது அண்ணன் சரக்கு ஒன்றைத்தான். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் மூத்தவன் தனுஷுக்கு அவர் கட்டிய தொட்டில் ஞாபகம் வந்தது. அதில் ஸ்பிரிங்குக்குள்ளே ஒரு சங்கிலி தொங்கும். ஸ்பிரிங் அறுந்தாலும் அந்தச் சங்கிலி பிடித்துக்கொள்ளும், பிள்ளை கீழே விழாது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இதில் சங்கிலி இல்லை. ஸ்பிரிங் வந்த அட்டைப்பெட்டியை இழுத்துப் பார்த்தேன். அதன் மேல் பழைய படம் அப்படியே இருந்தது, சங்கிலியோடு, சிரிக்கிற குழந்தையோடு.

"கவுறு எதுக்குங்ண்ணா?"

"சும்மாதான் அம்மணி. ஒரு தெகிரியத்துக்கு."

"ஸ்பிரிங்கு தாங்காதுங்களா?"

"யானையைப் போட்டு ஆட்டு, தாங்கும்."

"யானையைத் தாங்கறது எங்கூட்டுப் புள்ளையத் தாங்காதுன்னா கவுறு கொண்டாந்தீங்க?"

அவர் முக்காலியிலிருந்து இறங்கினார். என் முகத்தைப் பார்க்காமல் தொட்டில் சேலையின் மடிப்பை நீவினார். நீவ அதில் ஒன்றுமே இல்லை.

"இப்ப எல்லாப் பட்டறையிலயும் சங்கிலிய எடுத்துட்டாங்க அம்மணி. கடைக்காரங்க வெலையக் கொறைங்கறாங்க. நான் மட்டும் போட்டா என்ற சரக்கு குடோன்லயே கெடக்கும். பட்டறைய நம்பி எத்தன குடும்பம் இருக்குதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"எதாச்சும் அத்து உழுந்திருக்குதுங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அந்தத் 'தெரிஞ்சு' என்னை உறுத்தியது. சின்ன வயதில் அப்பாவிடம் பொய் சொல்லும்போதும் அண்ணன் இப்படித்தான் ஒரு வார்த்தையை ஓரமாக வைத்துக்கொள்வார். தெரிந்து இல்லையா, தெரிந்துகொள்ளவில்லையா? கேட்டிருப்பேன். அதற்குள் ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வந்தது. கிறீச், கிறீச். புது ஸ்பிரிங் பழகும்வரை போடுகிற சத்தம். எதிர்வீட்டு அபிநயா தன் மகனைத் தூங்கவைக்கிற நேரம் இது. போன மாதம் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், எங்கண்ணன் சரக்கு, வேறெதையும் திரும்பிப் பார்க்காதே என்று வாங்க வைத்தவள் நான். தொட்டிலுக்குக் கீழே சிமெண்டுத் தரை. அவளுக்குக் கயிறு கொண்டுவர அண்ணன் இல்லை.

எழுந்தேன். அண்ணன் வாசற்படியை மறித்தார்.

"அம்மணி, இன்னைக்கு நல்ல நாளு. உன்ற மாமியா, சம்பந்திக எல்லாம் ஊட்டுல இருக்காங்க. நான் நாளைக்கு வந்து அவங்களுக்கும் கட்டித்தாரேன். சொல்லாம கட்டிடலாம்."

"என்னன்னு சொல்லிக் கட்டுவீங்க? தெகிரியத்துக்குன்னா?"

அவர் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அதைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. என் பிள்ளைக்காகக் கயிறு வாங்கி, பையில் வைத்து, பஸ் ஏறி வந்திருக்கிறார். அவ்வளவு பாசம். அந்தக் கயிற்றை வாங்கும்போது மற்றப் பிள்ளைகளை நினைக்காமலா இருந்திருப்பார்? நினைத்திருக்கிறார். அதனால்தான் பந்தி போடும்வரை காத்திருந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கட்டியிருக்கிறார்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரை ஒதுக்கிவிட்டு வாசலுக்கு வந்தேன். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் கையில் சாம்பார் வாளியோடு நின்றார். நான் யாரையும் பார்க்கவில்லை.

"அபிநயா! புள்ளையத் தொட்டில்ல இருந்து தூக்கு! மொதல்ல தூக்கு!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அபிநயா வந்தாள். அவள் விரல்களில் பருப்புச் சோறு ஒட்டியிருந்தது. பையன் வாய் நிறையச் சோற்றோடு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏனுங்கக்கா? நான் இன்னம் தொட்டில்லயே போடலீங்களே."

அவளுக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக, அவள் வீட்டுத் தொட்டில் தெரிந்தது. வெறுமையாக, அசையாமல் தொங்கியது.

கிறீச், கிறீச் என்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை. அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். மிச்சக் கயிறு இன்னும் அவர் கையில்தான் சுற்றியிருந்தது. தலையைச் சாய்த்து, அது தெருவில் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.