ஆறடி இரண்டங்குல மட்டைகள்

இந்தியாவில் கோல்ஃப் ஆட்டம் உருப்படாமல் போனதற்கு முழுமுதற் காரணம் இஞ்ச் டேப் என்று சந்திரமௌலி கருதினார். வெயில், மைதானப் பற்றாக்குறை, கிரிக்கெட் எல்லாம் அதற்குப் பிறகுதான். மட்டை வாங்கப் போன இடத்தில் ஒருவன் என்றைக்குத் தன் கையையும் காலையும் அளக்கக் கொடுத்தானோ, அன்றைக்கே ஆட்டம் போயிற்று.

"மட்டை மனுஷனுக்குத் தகுந்தாப்ல மாறப்படாது. மனுஷன்தான் மட்டைக்குத் தகுந்தாப்ல மாறணும்" என்பார். இதைச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது வழக்கம். கழற்றினால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. ஆகவே இன்றுவரை இந்தக் கொள்கைக்கு எதிர்ப்பு எதையும் அவர் பார்த்ததில்லை.

அவரே இதற்கு உதாரணம். சந்திரமௌலியின் உயரம் ஐந்தடி நான்கங்குலம். அவருடைய மட்டைகளோ ஆறடி இரண்டங்குல மனிதருக்காகச் செய்யப்பட்டவை. புனேயில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் அவர் வேலை பார்த்தபோது மேலதிகாரியாக இருந்த பிரிகேடியர் தில்லான், பதினான்கு வருடங்களுக்கு முன்பு மாற்றலாகிப் போகிற அன்று, "சந்திரமௌலி, இனி இவை உன்னுடையவை" என்று பையோடு தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு லாரியில் இடம் போதவில்லை. அதே காலையில் ஜீப் டிரைவருக்கு ஓர் ஏர்கூலரும் தோட்டக்காரருக்கு ஒரு நாய்க்கூண்டும் கிடைத்தன. அவர்கள் இருவரும் அதை ஒரு கௌரவமாக வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

மட்டைக்குத் தகுந்தபடி சந்திரமௌலி மாறினார். பிடியின் நுனியில் பிடித்தால் மட்டை தரையில் இடிக்கும். எனவே நான்கங்குலம் கீழே இறக்கிப் பிடித்தார். மிச்ச நான்கங்குலம் வயிற்றைக் குத்தியது. வயிற்றை எக்கினார். எக்கியதில் முதுகு வளைந்தது. அந்த வளைவிலேயே இரும்புத் தண்டின் கனத்தை வீச வேண்டியிருந்ததால், குடத்தைக் கிணற்றிலிருந்து எடுத்து அப்படியே பக்கத்து வீட்டில் கொட்டுகிறவர் மாதிரி மொத்த உடம்பாலும் வீசினார். பந்து தவறாமல் வலப்பக்கம் போய் குல்மோகர் மரங்களுக்குள் விழுந்தது. கன்டோன்மென்ட் மைதானத்தில் அவர் பையைச் சுமக்கும் முகமது ரஃபீக், ஐம்பது வயது அனுபவஸ்தர். சந்திரமௌலி வீசுவதற்கு முன்பாகவே மரங்களை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுவார். அடித்த பிறகு நடந்தால் நேரம் வீண்.

புனேயின் ஹடப்சர் பகுதியில் இவர்கள் குடியிருந்த கட்டடத்தில் மேல்மாடிக்காரன் ஷ்ரேயஸ். கோயம்புத்தூர்ப் பையன், ஐடி கம்பெனி. போன வருஷம் அவன் உடம்பை அளந்து மட்டை செய்துகொண்டான் என்று கேள்விப்பட்டதும் சந்திரமௌலி லிஃப்டிலேயே விசாரித்தார்.

"ஏன்டா, கல்யாணத்துக்கே ரெடிமேட் ஷெர்வானிதானே போட்டுண்ட? மட்டைக்கு மாத்திரம் அளவா?"

"அங்கிள், ஸ்விங் நல்லா வருதுங்க அங்கிள்."

"வரட்டும், வரட்டும். ஜாக்கெட்டும் ஒண்ணு தச்சுக்கோ."

கூட லிஃப்டில் இருந்த மனைவி சரசா இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நின்றதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருடங்களாக அப்படித்தான்.

சரசாவுக்கு இரண்டு வருடங்களாக வலது தோள் இறுகிக் கிடந்தது. கை காதுக்கு மேலே ஏறாது. மேல் தட்டிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்க முக்காலி. பின்னலைப் பின்ன வழியில்லாமல் தலைமுடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டாள். வெட்டிக்கொண்டு வந்த அன்று சந்திரமௌலி, "நன்னாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படித்தார். மூன்று பக்கம் புரட்டிய பிறகுதான் தலைப்புகள் மராத்தியில் இருந்தது அவருக்கு உறைத்தது. பக்கத்து வீட்டுப் பேப்பர்.

பயிற்சி சொல்லிக் கொடுத்த பிரியம்வதா என்கிற பிஸியோ டாக்டர், "ஏதாவது வீசுகிற மாதிரி விளையாட்டு ஆடுங்களேன், மெதுவாக" என்று சொல்லப்போக, சரசா நேராக கிறிஸ்டோபரிடம் போய்விட்டாள். புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர். வலை கட்டி கோல்ஃப் சொல்லித்தருவார், பழைய மட்டைகளை வெட்டி ஒட்டி ஆளுக்குத் தகுந்தபடி ஆக்கியும் தருவார். நான்கு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சரசா ஆட்டோவில் வந்து இறங்கியபோது தோளில் சின்னதாக ஒரு பை, அதில் ஐந்து மட்டைகள்.

"என்னது இது, அஞ்சுதானா? மிச்சத்தை எலி தின்னுடுத்தா?"

"புதுசா ஆடறவாளுக்கு அஞ்சு போறும்னார் கிறிஸ்டோபர். நிறைய இருந்தா எதை எடுக்கறதுன்னே பாதி நாழி போயிடுமாம்."

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். குடைக்கம்பு மாதிரி லேசாக இருந்தது. தண்டு கொஞ்சம் வளைந்து கொடுத்தது.

"இது என்ன, நாணல் மாதிரி ஆடறது?"

"மெதுவா வீசறவாளுக்கு இப்படித்தான் இருக்கணுமாம். கெட்டியா இருந்தா பந்து எழும்பாது, வலப்பக்கம் ஓடிப்போயிடுமாம்."

வலப்பக்கம் என்ற சொல்லை சந்திரமௌலி கவனிக்காமல் விட்டார். "அளவெடுத்தானா?"

"எடுத்தார். செருப்பைக் கழட்டிட்டு நேரா நின்னு, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டுலேர்ந்து தரைவரைக்கும்."

"பேஷ். பாவாடைக்கு அளவு கொடுத்துட்டு வந்திருக்கே."

சரசா கோபித்துக்கொள்ளவில்லை. பையைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். "அடுத்த மாசம் கிளப்புல தம்பதி ஆட்டம் இருக்காமே. பேர் கொடுத்துட்டேன்" என்றாள். பிறகு, சமையலறைக்குப் போகிற வழியில், திரும்பாமல், "முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை கார்த்தால நீங்க ஆபீஸ்னோ ஆட்டம்னோ போயிடறேள். நானும் வரலாம்னு தோணித்து. அவ்வளவுதான்" என்றாள்.

சந்திரமௌலி உடனே ஸ்விங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். தலை ஆடப்படாது, இடது முழங்கை மடங்கப்படாது, கண்ணைப் பந்தைவிட்டு எடுக்கப்படாது, இடுப்பு முதலில் திரும்பணும், மணிக்கட்டு கடைசியில் திரும்பணும். ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு, துண்டைச் சுருட்டிக் கையில் கொடுத்து, ஒரு வீச்சுக்கு ஐந்து கட்டளைகள் போட்டார். சரசா ஐந்தையும் கேட்டுக்கொண்டு, இரண்டு பாதங்களையும் ஒட்டிவைத்து, துண்டை ஊஞ்சல் மாதிரி மெதுவாக வீசினாள்.

"காலை அகட்டி வெச்சுக்கோ!"

"ஒட்டி வெச்சுண்டு வீசினா அவசரப்பட முடியாது. அவசரப்பட்டா விழுந்துடுவோம். பத்து தடவை இப்படி, அப்பறம் அகட்டி வெச்சுக்கலாம்."

"அந்தக் கிறிஸ்டோபர் வேற என்ன சொன்னான்?"

"வீசி முடிச்சதும் பந்து விழற வரைக்கும் அசையாம நிக்கணும். நிக்க முடிஞ்சா வீச்சு சரி. அவ்வளவுதான் சொன்னார்."

"நாலு மாசத்துல ஒரே ஒரு பாடம்!" என்று சிரித்தார். அவர் வீசி முடித்ததும் இரண்டடி தள்ளிப்போய் நிற்பது வழக்கம். பழக்கத்தில் அது ஒரு நடனம் மாதிரி ஆகியிருந்தது.

ஆட்டத்தன்று பன்னிரண்டு ஜோடிகள். ஜோடிக்கு ஒரே பந்து. ஓர் அடி கணவன், அடுத்த அடி மனைவி என்று மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவர் செய்த பாவத்தை இன்னொருவர் போய் எடுக்க வேண்டும் என்பதால் கல்யாணம் ஆனவர்களுக்கு விதிகளை விளக்க வேண்டியிருக்கவில்லை. வழக்கமொன்று மட்டும் உண்டு. எவ்வளவு மோசமாக அடித்தாலும் ஜோடியிடம் "ஸாரி" சொல்லக்கூடாது. சொல்ல ஆரம்பித்தால் ஒன்பது குழியும் அதிலேயே போய்விடும்.

முதல் குழியில் சந்திரமௌலி அடித்தார். ரஃபீக் ஏற்கெனவே மரத்தடியில் நின்றிருந்தார். "மில் கயா சாப்!" என்று, பந்து கிடைத்துவிட்டதை உற்சாகமாகக் கையாட்டிச் சொன்னார். சரசா வேர்களுக்கிடையே போய் நின்று, லேசாகத் தட்டி, பந்தைப் புல்வெளியின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். சந்திரமௌலி அதை இடத்திலிருந்து பெயர்த்து மறுபடி மரத்தடிக்கு அனுப்பினார். இப்படியே மூன்று குழிகள். புனேயின் மரங்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை என்று சரசா சொன்னாள். கிண்டலாகச் சொல்லவில்லை, ஒரு மரத்தில் கிளிப்பொந்து இருந்தது.

ஐந்தாம் குழியில் அவருடைய முதுகில் ஏதோ பிடித்தது. ஆறாவதில் குனிய முடியவில்லை. பந்தை ரஃபீக் வைத்துக்கொடுத்தார். ஏழாவதில் பந்து மணலுக்குள் புதைந்தது.

"ஸா..." என்றார் சந்திரமௌலி.

"சொல்லப்படாது" என்றாள் சரசா, மணலுக்குள் இறங்கிக்கொண்டே.

எட்டாம் குழிக்குக் குறுக்கே ஒரு நாலா, சின்ன ஓடை. அகலம் அதிகமில்லை, ஆனால் எப்போதும் தண்ணீர் ஓடும். முறை சந்திரமௌலியுடையது. அவள் தன் பையிலிருந்து ஏழாம் நம்பர் மட்டையை உருவி நீட்டினாள்.

"இதால அடிச்சுப் பாருங்களேன். ஜோடிக்குள்ள மாத்திக்கலாம்."

அவர் பிரிகேடியரின் மட்டையையே எடுத்தார். வயிற்றை எக்கினார். வீசினார். இரண்டடி தள்ளிப்போய் நின்றார். தண்ணீர் சத்தம் கேட்டது.

இனி விதிப்படி இக்கரையிலேயே வேறு பந்து போட்டு சரசா அடிக்க வேண்டும். அவள் பாதங்களை ஒட்டிவைத்துக் காற்றில் இரண்டு முறை வீசிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் அகட்டி நின்று, அவசரமே இல்லாமல், அடித்தாள்.

எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். சந்திரமௌலி பார்க்கவில்லை. சரசாவின் வலது கை மேலே போய்க்கொண்டிருந்தது. தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேலே போய், மட்டை முதுகுப்பக்கம் தொங்க, அப்படியே நின்றது. இரண்டு வருடங்களாகப் பருப்பு டப்பாவுக்கு எட்டாத கை. அவள் அசையவே இல்லை. அவரும் அசையவில்லை. நாலாவைத் தாண்டிப் பந்து விழுந்ததை ரஃபீக்கின் கைதட்டல்தான் சொன்னது.

"என்னன்னா, தாண்டிடுத்தா?" என்றாள், கையை இறக்காமலே.

"தாண்டிடுத்து" என்றார். பார்க்காத விஷயத்துக்கு அவர் சாட்சி சொன்னது அதுவே முதல் தடவை.

அவர்களுக்குப் பதினோராவது இடம். பன்னிரண்டாவது ஜோடி நான்காம் குழியிலேயே சண்டை போட்டுக்கொண்டு தனித்தனி ஆட்டோவில் வீட்டுக்குப் போயிருந்தது.

திரும்பும் வழியில் ஹடப்சர் மேம்பாலத்துக்கு அடியில் ஆட்டோ நின்றது நின்றபடி நின்றது. சந்திரமௌலி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த பஸ்ஸின் பின்பக்கத்திடம் பேசுவது போலச் சொன்னார்: "எனக்கு இனிமே முடியாது சரசா. இந்த முதுகை வெச்சுண்டு ஆடறதுக்கில்லே. நீ நன்னா ஆடறே. நீ போயிட்டு வா, ஞாயித்துக்கிழமை. ஷ்ரேயஸ் ஆத்துக்காரி சுப்ரஜா துணைக்கு வருவா."

பஸ் நகர்ந்தது, ஆட்டோ நகர்ந்தது.

"நான் கோல்ஃபுக்காகவா வந்தேன்?" என்றாள் சரசா.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் இருக்கிற முகம் கண்ணாடி இல்லாமலும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, வெந்நீர்ப் பை வைத்துப் படுத்து எழுந்து, சாயங்காலக் காபியும் ஆயிற்று. சரசா குளிக்கப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டதும் சந்திரமௌலி அவளுடைய தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். ஹாலுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். ஜன்னல் திரையை இழுத்து மூடினார். மேல்மாடிக்காரன் தலைகீழாகத் தொங்கினாலொழிய உள்ளே பார்க்க வழியில்லை, இருந்தாலும் மூடினார்.

டேப்பின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை மணிக்கட்டுக்கு இழுத்தார். எத்தனை அங்குலம் என்று பார்க்கக் குனிந்தார். குனிந்ததும் மணிக்கட்டு கீழே இறங்கியது. இருபத்தாறு. நிமிர்ந்து, மறுபடி குனிந்தார். இருபத்துநான்கு. மூன்றாம் தடவை முதுகு சுளீரென்றது, இருபத்திரண்டில் நின்றார். இந்தக் கணக்குப்படி அவர் நான்கு வயதுக் குழந்தை. முதுகைப் பிடித்துக்கொண்டு மிச்ச அவமானத்தையும் பட்டுவிடுவது என்று நான்காம் தடவைக்கு அவர் தயாரானபோதுதான் குழாய்ச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது தெரிந்தது.

சரசா ஈரத்தலையில் துண்டோடு உள்ளறை வாசலில் நின்றாள். ஜாக்கெட்டா, பாவாடையா என்று கேட்பாள் என அவர் காத்திருந்தார். கேட்கவில்லை. வந்து தரையில் மண்டியிட்டு, அவர் கட்டைவிரலுக்கு அடியிலிருந்த டேப்பை விடுவித்தாள்.

"குனியப்படாது. நேரா நில்லுங்கோ. எதிர்ச் சுவரைப் பாருங்கோ."

நின்றார். பார்த்தார்.

"கையைத் தொங்கவிடுங்கோ. வெறைச்சுக்காதீங்கோ."

அவள் விரல்கள் மணிக்கட்டைத் தொட்டு, கொஞ்சம் இப்படியும் அப்படியும் ஆட்டித் தளர்த்தின. ஈரத்தலையிலிருந்து ஒரு சொட்டு அவர் பாதத்தில் விழுந்தது.

"மூச்சையும் விடுங்கோன்னா. பிடிச்சுண்டு நின்னா அளவு மாறிடும்."

சந்திரமௌலி மூச்சை விட்டார்.