எக்ஸ்பிரஸும் ஆறு வீட்டுக் குக்கரும்

"லிஃப்ட்லயா விட்டுட்டு வந்தே? வளர்க்கப் போற நாயை எவனாவது லிஃப்ட்ல விட்டுட்டு வருவானா?"

"கத்தாதே. அது நாய் இல்ல. ரெண்டு கிலோ கோதுமை மாவு."

"இப்ப மாவு! அடுத்த வாரம் நாய்! மாவையே பத்திரமா வீடு சேர்க்கத் தெரியல உனக்கு."

"மாவு பேசாம இருந்துச்சு, மறந்துட்டேன். நாய்னா குரைக்கும்ல, ஞாபகம் வந்துடும்."

நான் கதவைத் திறந்தது ஒட்டுக் கேட்பதற்காக இல்லை. காற்று வரட்டும் என்றுதான். திறந்த நேரத்துக்கு லிஃப்டும் வந்து நின்றது. உள்ளே இடுப்பில் நீலக் கயிறு கட்டிய மாவுப் பை ஒன்று, மூன்றாம் மாடி வரை தனியாகப் போய்விட்டுத் திரும்பிய களைப்போடு சுவரில் சாய்ந்திருந்தது.

"அக்கா, நீங்களே சொல்லுங்க!" என்றாள் தங்கச்சி.

சொல்வதற்கு முன் இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் எதிர் வீடு. அண்ணனும் தங்கச்சியும் மட்டும்தான். அண்ணனுக்கு நாற்பத்தொன்று, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து விசில் ஊதும் வேலை. கட்டடத்தில் எல்லாருமே அவனை டைம் கீப்பர் என்றுதான் கூப்பிடுவோம். தங்கச்சிக்கு முப்பத்துமூன்று, ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அவளை ஒரு கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு வருடமாகக் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அவளைப் பார்ப்பதற்கென்றே எங்கள் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரருக்கு மூன்று முறை கண் பரிசோதனை செய்தவர். இப்போது ஆறு மணி நேரத் தொலைவில் இன்னொரு ஊரில் சொந்தக் கடை போடுகிறார். ஒண்ணாம் தேதி திறப்பு. அதற்குள் இவள் வருவாளா மாட்டாளா என்று சொல்லியாக வேண்டும்.

இவளுக்கும் ஆசைதான். ஆனால் அண்ணனை யார் பார்த்துக்கொள்வது? அவனுக்கு பஸ் நேரம் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. தட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போன வருடம் இவர்கள் வீட்டு ஜன்னல் திரை பற்றி எரிந்தபோது, "இந்த வாய முடிச்சுட்டு வரேன்" என்று சொன்ன மகராசன். வாளியோடு ஓடியது நான்.

அவன்தான் ஒருநாள் சொன்னான்: "நீ கட்டிக்கிட்டுக் கிளம்பு. நான் ஒரு நாய் வளர்த்துக்கறேன்."

"நீயா? தண்ணி மட்டும் ஊத்தினா போதும்னு குடுத்த செடியக் கொன்னவன் நீ."

பேச்சு முற்றி, ஒப்பந்தத்தில் வந்து நின்றது. முதலில் நாய்க்குப் பதிலாகப் பத்து நாள் மாவுப் பை. அது முடிந்தால் ஒரு மாதம் நிஜ நாய். அவன் தன்னைத் தவிர இன்னொரு உயிரைப் பார்த்துக்கொள்வான் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தால் கல்யாணம். வராவிட்டால் கண்ணாடிக்காரர் தனியாகத்தான் பெட்டி கட்டவேண்டும்.

மாவுப் பை பத்து நாளில் இரண்டு முறை தொலைந்தது, ஒரு முறை மழையில் நனைந்து பிசைந்த மாவானது. அண்ணன் ஃபெயில் என்றாள் தங்கச்சி. நான்தான், "மாவுக்கு வால் ஆட்டத் தெரியுமாடி? வால் இருந்தா அவனுக்கும் பொறுப்பு வரும்" என்று எடுத்துச் சொல்லி நாயை வரவழைத்தேன். நல்லது செய்வதில் எனக்கு நிகர் நான்தான்.

நாய் வருவதற்கு முன் வீட்டையே தலைகீழாக்கினார்கள். ஒயர்களையெல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கட்டினார்கள். செருப்பு ஸ்டாண்ட் பீரோ மேல் ஏறியது. அந்த வீட்டுக்குப் போனால் செருப்பை எட்டிப் பறிக்க வேண்டும், ஒயருக்கு அடியில் குனிந்து போக வேண்டும்.

வந்தது டெரியர். இரண்டு மாதக் குட்டி, மாவுப் பையின் அதே எடை. வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் பழுப்பு, கன்னத்தில் தாத்தா தாடி. எலி வளைக்குள் புகுந்து பிடிக்கும் வம்சமாம். இங்கே எலி இல்லாததால் குடை, பூ ஜாடி, என் வீட்டுக்காரரின் ஷூ என்று ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் தலையை விட்டது. சோபாவில் தோண்டி அடிப்பலகை வரை போனது. ஊசி போட்ட டாக்டரின் சட்டைப் பொத்தானை நினைவுக்காக எடுத்துவந்தது. டைம் கீப்பர் அதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தான். எங்கேயும் நிற்காதாம்.

பத்து வருடமாக எடுக்காத லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாலு வேளைத் தீனி, இரண்டு மணிக்கொரு முறை வெளியே போக்கு என்று சுவரில் அட்டவணை தொங்கியது. கட்டடத்துக்குப் பின்னால் பழைய மணல் மேடு ஒன்று உண்டு. குட்டியை அங்கே இறக்கி, கழுத்தில் தொங்கும் டிப்போ விசிலை எடுத்து ஒரு ஊது ஊதுவான். குட்டி பயத்திலோ பக்தியிலோ காலை மடக்கும். உடனே ஒரு பிஸ்கட் துண்டு. ஐந்தே நாளில் விசில் கேட்டால் ஒன்றுக்குப் போய்விடும் அளவுக்குத் தேறிவிட்டது.

"பாத்தியா? சரியா ஒன்பது பத்து. ஒரு நிமிஷம் லேட் இல்ல" என்று கையெடுத்து சல்யூட் அடித்தான். தங்கச்சியே கொஞ்சம் அசந்துவிட்டாள்.

இரண்டாவது வாரம்தான் சனி பிடித்தது. வெளியே ஒழுங்காகப் போய்விட்டு வந்த குட்டி வீட்டுக்குள்ளும் போக ஆரம்பித்தது. அதுவும் விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. தங்கச்சி லேப்காரி அல்லவா, நோட்டுப் போட்டு எழுதினாள்: 'சோபா அடி, இருபது மில்லி. அண்ணன் தலையணை, பதினைந்து மில்லி.' லேபுக்கே எடுத்துப்போய்ப் பரிசோதித்தாள். குட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியானால் குறை யாரிடம்? நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'வளர்ப்பு சரியில்லை' என்று எழுதிச் சிவப்பில் கோடும் போட்டாள். நோட்டு தற்செயலாகத் திறந்திருந்தது. நானும் தற்செயலாகப் படித்தேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான். வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கொண்டைக்கடலையைக் குக்கரில் வைத்தேன். முதல் விசில் வந்தது. எதிர் வீட்டிலிருந்து, "ஐயோ, எக்ஸ்பிரஸ்!" இரண்டாவது விசில். "அடேய், மறுபடியுமா!" மூன்றாவது விசிலுக்குத் தரை துடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பொறி தட்டியது. அடுப்பை அணைத்தேன். எதிர் வீடு அமைதி. மறுபடி பற்றவைத்தேன். விசில். "ஐயோ!" சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாதே என்று இன்னொரு கிலோ கடலையும் வேகவைத்துப் பார்த்தேன். அடுத்த மூன்று நாள் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் கடலைதான். என் வீட்டுக்காரர் இன்றுவரை காரணம் கேட்கவில்லை.

விஷயத்தை டைம் கீப்பரிடம் மட்டும் சொன்னேன். அவன் முகம் பஞ்சர் ஆன டயர் மாதிரி இறங்கிவிட்டது.

"அக்கா, அவகிட்ட சொல்லிடாதீங்க. பழக்கினதே தப்புன்னு தெரிஞ்சா அவ போகவே மாட்டா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட வராரு, பதில் கேட்டுட்டுப் போக."

"ஞாயிறு ஒருநாள்தானே? கட்டடம் முழுக்க விசில் இல்லாம நான் பாத்துக்கறேன் தம்பி."

ஆறு வீடு. கீழிருந்து கதவு தட்டிக்கொண்டே போனேன். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை யாரும் குக்கர் வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டவர்களிடம் ரகசியம் என்று சொல்லிவிட்டு, ரகசியத்தையும் சொன்னேன். எல்லாரும் சட்டியில் வேகவைக்க ஒத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் மட்டும் கதவைத் திறக்கவில்லை. நைட் டூட்டி போலிருக்கிறது, தூங்குகிறவள் எங்கே சமைக்கப்போகிறாள் என்று விட்டுவிட்டேன். நான் செய்த ஒரே தப்பு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை வாங்கிவரலாம் என்று எதிர் வீட்டுக்குப் போனேன். போனவளை உட்காரச் சொன்னார்கள். அதாவது, எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை.

"குக்கர் வெயிட்டக் காணோம் அக்கா. ரெண்டு நாளா தேடறேன். எல்லாத்தையும் சட்டியில வெச்சு என் உயிரே போச்சு" என்றாள் தங்கச்சி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. டைம் கீப்பர் கூரையைப் பார்த்தான்.

கண்ணாடிக்காரர் மடியில் எக்ஸ்பிரஸ் சுருண்டிருந்தது. மாப்பிள்ளைத் தோரணைக்கென்று அவர் போட்டுவந்த வெளிர் நிற பேன்ட். இலக்கு அவ்வளவு வெள்ளையாக இருக்கத் தேவையில்லை.

"சாப்பிடுங்க. சாப்பிட்டுப் பேசலாம்" என்றாள் தங்கச்சி. குரலில் 'மாட்டேன்' ஏற்கெனவே பாதி இருந்தது. சிவப்புக் கோடு போட்ட நோட்டு அலமாரி மேல் தெரிந்தது.

டைம் கீப்பர் முதல் வாய் பிசைந்து வாய்க்கருகே கொண்டுபோனான். அப்போது மேலிருந்து, "ஷ்ஷ்ஷ்…"

விசில் இல்லை. விசிலுக்கு முன் வரும் சீறல். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. குட்டி காதைத் தூக்கியது. டைம் கீப்பரின் கை அந்தரத்தில் நின்றது. அடுத்த நொடி சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு, எச்சில் கையோடு பாய்ந்து, கண்ணாடிக்காரர் மடியிலிருந்து குட்டியை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படியில் தடதடவென்று சத்தம். ஓடிய வேகத்தில் சட்டைப்பையிலிருந்து ஏதோ 'ணங்' என்று விழுந்து உருண்டது.

குக்கர் வெயிட்.

தங்கச்சி அதைக் கையில் எடுத்தாள். மேலே முதல் விசில் அடித்தது. என்னைப் பார்த்தாள். எனக்கு ரகசியம் காப்பதில் பழக்கம் போதாது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஜன்னலுக்கு ஓடினோம். மணல் மேட்டில் எக்ஸ்பிரஸ் காலை மடக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சோறு ஒட்டிய கையைத் தள்ளிப் பிடித்தபடி, மூச்சு வாங்க, மேல் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றான் அவள் அண்ணன். இரண்டாவது விசில். குட்டி மறுபடி. அவன் ஏறி வரவில்லை. மூன்று. நான்கு. நான்காவதற்குக் குட்டியிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் கடமைக்கு உட்கார்ந்து எழுந்தது. அவன் இடது கையால் சல்யூட் அடித்தான்.

"தட்டுலேர்ந்து எழுந்துட்டான்" என்றாள் தங்கச்சி. "திரை எரிஞ்சப்போ எழுந்திருக்காதவன், பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டான் அக்கா." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க நான் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. இரண்டும்தான்.

கண்ணாடிக்காரர் தன் உலர்ந்த மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்ப… நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"லேப்ல நாளைக்கே லெட்டர் குடுக்கணும். ஒண்ணாம் தேதின்னா நாளே இல்லியே" என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டா?"

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து நான். கிளம்பும்போது அவள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, வெயிட்டைக் குக்கரிலேயே மாட்டிவிட்டுப் போனாள். இப்போது அந்த ஊரில் கடை நன்றாக ஓடுகிறது. எனக்கு ஒரு கண்ணாடி இலவசமாக அனுப்பினார்கள். எதிர் வீடு முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

அதனால்தான் மிச்சத்தையும் சொல்ல முடிகிறது. அந்த ஞாயிற்றுக்கு மறுநாளே டைம் கீப்பர், எத்தனை மணிக்குக் குக்கர் வைப்பீர்கள் என்று கேட்க மூன்றாம் மாடிக்குப் போனான். நர்ஸ் தன் டூட்டி சார்ட்டைக் கொடுத்தாள். அதற்கேற்ப அட்டவணையை மாற்றி எழுதினான். சந்தேகம் கேட்க மறுபடி போனான். அட்டவணையில் அத்தனை சந்தேகம் எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன். பதினேழு முறை.

எக்ஸ்பிரஸுக்கு ஒன்றரை வயது ஆகிறது. எந்த வீட்டில் விசில் அடித்தாலும் தானே போய்க் கதவருகே நிற்கிறது. போன மாதம் நர்ஸ் தன் குக்கரையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஒரு மாடி இறங்கிவந்துவிட்டாள். அதற்கும் சாட்சிக் கையெழுத்து நான்தான். மேல் வீடு காலியாக இருக்கிறது. வாடகைக்கு வருகிறவர்கள் சாவியை என்னிடம்தான் வாங்க வேண்டும்.